ஆற்று நோட்டும் அத்தானும்

பங்குனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு எல்லாம் கெட ஆரம்பித்தது. தென்காசியில் நான் வேலை பார்க்கும் காப்பீட்டு அலுவலகத்தில் அப்போதுதான் டீ வந்திருந்தது. டம்ளரைக் கையில் எடுத்தேன், போன் அடித்தது. மகள்.

"அம்மா, மெயில் வந்துட்டு."

"கெடச்சிட்டாட்டி?"

"நான் காப்பியடிச்சேன்னு போட்டிருக்காங்கம்மா."

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரைத் தேர்ந்தெடுத்து, மே மாதம் முழுவதும் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் தங்கவைத்து, விஞ்ஞானிகளோடு வேலை செய்யவிடும் கோடைப் பயிற்சி அது. விண்ணப்பத்தோடு, சொந்தமாகச் செய்த ஓர் ஆய்வையும் அனுப்ப வேண்டும். மகள் அனுப்பியிருந்தாள். அதே ஆய்வு, அதே எண்ணிக்கைகளோடு, இன்னொரு மாணவியிடமிருந்து முன்பே வந்துவிட்டதாம். அதனால் இவளுடைய விண்ணப்பத்தை நிராகரிக்கிறார்களாம். மெயிலின் நகலைப் பள்ளித் தலைமை ஆசிரியைக்கும் அனுப்பியிருந்தார்கள். அதுதான் பெரிய அடி. மறுநாளே வகுப்பில் அவளுக்கு 'ஜெராக்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் செய்த வேலை அது. குற்றாலத்தில் சீசன் வந்தால் ஆயிரக்கணக்கான பேர் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்கிறார்கள். அந்த எண்ணெய் முழுவதும் சிற்றாற்றில்தான் இறங்குகிறது. ஆற்றுக் கற்களின் அடியில் ஒட்டி வாழும் பூச்சிகள் அதனால் என்ன ஆகின்றன என்பது அவளுடைய கேள்வி. அருவிக்குக் கொஞ்சம் கீழே ஓர் இடம், நடுவழியில் ஒரு பாலத்தடி, தென்காசிக்குள் ஓர் இடம். ஒவ்வோர் இடத்திலும் பத்துக் கல்லைப் புரட்டி எண்ணுவாள். நான் குடையும் வெள்ளைத் தட்டுமாகப் பக்கத்தில் நிற்பேன். பாலத்தடியில் வழுக்கி விழுந்து முழங்கால் தோல் உரிந்த அன்றைக்கும் பத்தாவது கல்லை எண்ணிவிட்டுத்தான் கரையேறினாள். எல்லாம் நீல அட்டை போட்ட ஒரு நோட்டில் இருந்தது. ஆற்று நோட்டு என்று சொல்லுவோம்.

அந்த நோட்டை வேறொருவர் கையில் கொடுத்தது நான்தான். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

என் கணவரின் அண்ணன் சென்னையில் கல்லூரிப் பேராசிரியர். நான் அத்தான் என்று கூப்பிடுவேன். வருஷம் தவறாமல் ஆடியில் குடும்பத்தோடு வந்து எங்கள் வீட்டில் தங்கி அருவியில் குளித்துவிட்டுப் போவார். பதினைந்து வருஷமாக அவர்களுடைய ஈரத்துண்டுகளை நான் உலர்த்தியிருக்கிறேன். மசாஜ் செய்த எண்ணெயோடு வந்து என் தலையணை உறைகளில் படுப்பார். என் மகளின் கணக்கில் குறைந்துபோன பூச்சிகளில் கொஞ்சம் அவருடைய பங்கு என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

இந்தக் குடும்பத்தில் பிள்ளைகள் எதை எழுதினாலும் அவரிடம் காட்ட வேண்டும். படித்த கை தொட்டால் நல்லது என்று ஓர் எண்ணம். போன ஆடியில் தோசைக்கு நடுவில் நானே நோட்டை நீட்டினேன்.

"அத்தான், பிள்ள எழுதியிருக்கா. பாத்து நாலு வார்த்த சொல்லுங்க."

"பேஷா. போன்ல எடுத்துக்கிடுதேன், ஊருக்குப் போய்த் திருத்தி அனுப்புதேன்" என்றார். ஒரு பக்கம் விடாமல் படம் எடுத்தார். நான் இன்னொரு தோசை போட்டேன். திருத்தி ஒன்றும் வரவில்லை. கேட்டால் தொந்தரவாக இருக்கும் என்று நானும் கேட்கவில்லை.

மெயில் வந்த அன்று மாலையே குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு கடிதத்தைப் போட்டார். அவருடைய மகளுக்கு அந்தக் கோடைப் பயிற்சியில் இடம் கிடைத்துவிட்டது, எல்லோரும் ஆசீர்வதிக்க வேண்டும். ஆய்வின் தலைப்பும் அதில் இருந்தது. என் மகள் நாலு நாள் யோசித்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிய தலைப்பு, ஒரு சொல் மாறவில்லை. கும்பிடு போடுகிற கைகள் வரிசையாக வந்தன. விவரம் தெரியாமல் என் கணவரும் ஒரு பூங்கொத்து அனுப்பியிருந்தார்.

அன்றே அவரை அண்ணனுக்குப் போன் செய்யவைத்தேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"ஏலே, ரெண்டும் நம்ம வீட்டுப் பிள்ளைகதானே. யாருக்குக் கெடச்சா என்ன?"

"அதில்லண்ணே, இவ நோட்டுலருந்து..."

"ஆத்துல கெடக்க கல்லுக்கு உம் மக பட்டாவா வாங்கி வச்சிருக்கா? வைலே போன."

என் கணவர் வைத்துவிட்டார்.

நிறுவனத்துக்கு மகள் நோட்டின் படங்களோடு விளக்கம் எழுதினாள். அந்த மாணவியிடமும் விளக்கம் கேட்டிருக்கிறோம், இரண்டையும் வைத்துத்தான் முடிவு செய்வோம் என்று பதில் வந்தது. மாதக் கடைசிவரை அவகாசம். மகள் என்னிடம் ஒன்றுதான் சொன்னாள். "எனக்கு அந்த எடம்கூட வேண்டாம்மா. நான் காப்பியடிக்கலன்னு அவங்க எழுதித் தந்தாப் போதும்." அதற்கப்புறம் அவள் ஆற்றுக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

எனக்கு அது போதவில்லை. அந்த மனிதர் தலைகுனிந்து நிற்பதை நான் பார்க்க வேண்டியிருந்தது. அலுவலகத்தில் பாலிசிக் காகிதங்களுக்கு நடுவே அவருடைய கல்லூரி முதல்வருக்கு நான்கு முறை கடிதம் எழுதினேன். நான்கையும் கிழித்தேன். கடிதத்தில் முகம் தெரியாது.

பங்குனி உத்திரம் நெருங்கியது. இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் எந்த ஊரில் இருந்தாலும் அன்றைக்குக் குலதெய்வமான சாஸ்தாவின் கோயிலுக்கு வந்தாக வேண்டும். எங்கள் கோயில் ஊருக்கு வெளியே குளத்தங்கரையில் இருக்கிறது. அத்தான் ஒரு வருஷமும் தவறியதில்லை. மூத்தவர் என்பதால் முதல் மாலை அவருக்கு. சாஸ்தா முன்னால் நின்றுகொண்டு என் கணவர் வீட்டு ஆட்கள் பொய் சொல்ல மாட்டார்கள், பயம். நான் சாமி அதிகம் கும்பிடுகிறவள் இல்லை. ஆனால் அந்தப் பயம் எனக்கு வேண்டியிருந்தது. அத்தனை சொந்தங்களுக்கும் முன்னால் நோட்டைச் சாஸ்தாவின் படியில் வைத்து, இது யாருடையது என்று அவரைக் கேட்பேன். பொய் சொன்னால் சொல்லட்டும், அதையும் அத்தனை பேரும் பார்க்கட்டும்.

"ஏட்டி, சாமி முன்னால வச்சு அண்ணன அசிங்கப்படுத்தணுமா?" என்றார் கணவர்.

"வேற எங்க வச்சு அசிங்கப்படுத்தட்டும்? எடத்தச் சொல்லுங்க."



உத்திரத்தன்று காலையில் கோயில் காரியம் பார்க்கும் அண்ணாச்சியிடம் போய் நின்றேன். மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, பூச முடிஞ்சதும் எனக்கு ரெண்டு நிமிசம் வேணும்."

"பாட்டு எதும் பாடப்போறியாம்மா?"

"ஒரு கேள்வி கேக்கணும். எங்க அத்தான்ட்ட."

என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "அப்ப மைக்க அணைச்சிருதேன்."

"வேண்டாம் அண்ணாச்சி. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

பொங்கல் பானைகள் பொங்கின. சொந்தங்கள் வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். மகள் வர மறுத்தாள், நான்தான் இழுத்து வந்திருந்தேன். கேட்கப்போகும் வார்த்தைகளை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். குரல் நடுங்கக் கூடாது, அழக் கூடாது, அத்தான் என்று மரியாதையாகவே கூப்பிட வேண்டும். மரியாதையாகக் கேட்டால்தான் நன்றாகத் தைக்கும். பதினைந்து வருஷத்தில் நான் இவ்வளவு சந்தோஷமாக அவரை எதிர்பார்த்ததில்லை.

பன்னிரண்டு மணியாகியும் அவர் வரவில்லை. முதல் மாலை தட்டில் வாடிக்கொண்டிருந்தது. "மூத்தவுக வராம எப்படித் தீபாராதன காட்ட?" என்று அண்ணாச்சி இரண்டு முறை கேட்டுவிட்டார். என் கணவர் போன் செய்தார். எடுக்கவில்லை.

அப்போது குளத்துக்கரை மேல் ஓர் ஆட்டோ வந்தது. எழுந்து நின்றேன்.

அதிலிருந்து இறங்கியது அத்தானின் மகள். தனியாக. முதுகில் பள்ளிப் பை, ரயிலில் கசங்கிய சுடிதார். என் மகள் வயதுதான் அவளுக்கும்.

"அப்பா எங்கம்மா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"வரலை. அம்மாதான் என்னை மட்டும் ட்ரெயின் ஏத்திவிட்டாங்க."

நேராக என்னிடம் வந்தாள். அவள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில்தான் மைக் இருந்தது. அவள் பேசியது மரத்தடி வரைக்கும் கேட்டது.

"சித்தி, இது தன்னோட பழைய ஆராய்ச்சின்னு சொல்லித்தான் அப்பா எங்கிட்ட கொடுத்தார். விளக்கம் கேட்டு அவங்க மெயில் போட்டப்பதான் எனக்கே தெரிஞ்சுது. நேத்து பதில் அனுப்பிட்டேன். எனக்கு சீட் வேணாம்னு எழுதிட்டேன். அந்தக் கணக்கெல்லாம் இவளோடது, இவ காப்பியடிக்கலைன்னும் எழுதிட்டேன்."

என் மகள் பின்னாலிருந்து என் முழங்கையைப் பிடித்தாள்.  அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் என் கையில் இன்னும் அந்த நோட்டு இருந்தது, கேட்காத கேள்வியும் இருந்தது.

"அப்பாதான் எடுத்தாருன்னு எழுதினியாட்டி?"

அவள் சாஸ்தாவைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"இல்ல சித்தி. நான் திருடினேன்னு எழுதியிருக்கேன்."