மாத வருமானம் என்ற கட்டம்

வங்கியில் தொடக்க வேலைக்குச் சேர உதவும் சான்றிதழ் வகுப்பொன்றை வேலணையில் சனிக்கிழமைகளில் நடத்தினேன். அதற்கு நெடுந்தீவிலிருந்து ஒரு பெண் வந்தா. என் வயதுதான் இருக்கும். கடல் கடந்து, குறிகட்டுவானில் பஸ் பிடித்து வந்தும், எல்லோருக்கும் முன்னமே வகுப்பில் இருப்பா. மூக்குக்கண்ணாடியில் கடல்தண்ணி காய்ந்த வெள்ளைப் புள்ளிகள். பாடம் நடக்கும்போது அடிக்கடி யன்னலால் வெளியே பார்ப்பா. கவனமில்லை என்று ஒருநாள் ஏசிவிட்டேன்.

“காத்தைப் பாக்கிறனான் சேர். சோளகக் காத்து கூடினால் பின்னேரம் போட் ஓடாது.”

கடைசிச் சோதனையில் அவ வங்கி உத்தியோகத்தர். கடன் கேட்டு வந்த மீனவராக நான் நடித்தேன். நான் சொல்லச் சொல்ல விண்ணப்பத்தை நிரப்பினா. மாத வருமானம் எழுபதாயிரம் என்றேன். பேனை நின்றது.

“எந்த மாதம் அண்ணை? சோளகக் காத்து வீசுற மாதத்திலயும் அவ்வளவு வருமோ?”

நடிப்பை விட்டுவிட்டுச் சொன்னேன்: “அதில ஒரு இலக்கம்தான் எழுதலாம். வெறுமையா விட்டால் சோதனையில சித்தியில்லை, தெரியும்தானே உமக்கு?”

“ஓம் சேர், தெரியும். ஆனா தொழிலுக்குப் போக ஏலாத மாதத்திலயும் இந்த மீனவர் கடன்காசு கட்டோணுமெல்லோ.”

கட்டத்தை வெறுமையாகவே விட்டுத் தாளை நீட்டினா. விதிப்படி நான் சித்தி போடவில்லை. அவ பிறகு வரவுமில்லை.

நடிப்புத்தானே, ஏதோ ஒரு இலக்கத்தை எழுதியிருக்கலாமே என்று அன்றைக்கு எரிச்சல்பட்டேன். இப்போது அந்தக் கட்டத்தைப் படிப்பிக்க வரும்போதெல்லாம், பாடத்தை நிறுத்திவிட்டு நான் யன்னலால் வெளியே பார்க்கிறேன்.