வீங்கின மூடி

பதினொரு மணி டீயை ஹனீஃபா அந்த வீங்கின மூடியின் மேல்தான் வைப்பார். பட்டறையில் இடத்துக்கா பஞ்சம்? லேத்துக்குப் பக்கத்தில் மேசை இருக்கிறது, ஜன்னலோரம் ஸ்டூல் இருக்கிறது. ஆனாலும் அவருக்கு அந்த அலுமினியப் பெட்டிதான் வேண்டும். அதன் மூடி நடுவில் தொப்பை போட்டிருப்பதால் கிளாஸ் சரியப் பார்க்கும். இடது கை ஆள்காட்டி விரலால் அதைப் பிடித்துக்கொண்டு, வலது கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"கீழ வெச்சுக் குடிச்சா இன்னாவாம்?" என்று மாடியிலிருந்து டீ கொண்டுவரும் மனைவி நஃபீசா கேட்பாள்.

"இருக்கட்டும். கொழுப்பு அடங்கட்டும்."

யாருடைய கொழுப்பு என்று அவள் கேட்பதில்லை. அவளுக்குத் தெரியாதா என்ன!

பம்மலில் காற்றுப் புகாத பெட்டி என்றால் பாயின் பட்டறையைத்தான் கை காட்டுவார்கள். முப்பத்திரண்டு வருஷமாக மின்சாரச் சாமான்கள் நனையாமல் இருக்கப் பெட்டி செய்கிறார். செய்ததையெல்லாம் வாசலில் இருக்கும் நீல டிரம் தண்ணீரில் முக்கிவிட்டு, பஞ்சர் கடைக்காரர் டியூபைப் பார்ப்பது போல உற்றுப் பார்ப்பார். "ஒரு பபுளு வந்துச்சுன்னா வெளிய அனுப்ப மாட்டேன்" என்பார். இந்தப் பைத்தியம் பட்டறையோடு நிற்கவில்லை. வீட்டுக்குப் புதுசாக டிபன் பாக்ஸ் வாங்கினாலும், டிரம்மில் ஒரு முழுக்குப் போட்ட பிறகுதான் அது சமையலறைக்குப் போகும். ஊறுகாய் ஜாடிகூடத் தப்பியதில்லை. திரும்பி வந்த பெட்டி என்று ஒன்றுகூடக் கிடையாது என்பதுதான் மனிதருடைய ஒரே பெருமை. போன வருஷம் வரைக்கும்.

போன வருஷம்தான் நாவலூரில் இருக்கும் ஒரு ஆபீசிலிருந்து இன்ஜினியர் உதயா வந்தாள். வடக்கே பதினையாயிரம் அடி உயர மலைமேல் அவர்களுக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளை வாங்குகிற பெரிய வெள்ளைத் தட்டு. காற்றில் ஈரம் இருந்தால் அந்த அலைகள் மங்கிவிடும், அதனால்தான் அவ்வளவு உயரம். "அதானே, நம்ம பம்மல்ல காத்தைப் புழிஞ்சா ஒரு கொடம் தண்ணி வருமே!" என்று ஹனீஃபா அதை ஒரே நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார். அந்தக் கருவிகளுக்குத்தான் ஆறு பெட்டிகள் கேட்டாள் உதயா.

அவள் கொடுத்த வரைபடத்தில் பெட்டியின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அதைப் பார்த்ததும் ஹனீஃபாவுக்குப் பாவமாகப் போய்விட்டது. "எவனோ தூக்கக் கலக்கத்துல வரைஞ்சிருக்கான். பாவம், இந்தப் பொண்ணு ஆபீஸ்ல பேஜாராயிடும்" என்று நஃபீசாவிடம் சொல்லிவிட்டு, ஆறு ஓட்டைகளையும் திருகாணி போட்டு, பசை வைத்து, கச்சிதமாக அடைத்து அனுப்பினார். உதயாவிடம் மூச்சுகூட விடவில்லை. எவ்வளவு நல்ல மனசு பாருங்கள்!

மலைமேல் போனதும் ஆறு மூடிகளும் வீங்கின. இரண்டில் மூடியோர ரப்பர் பிய்த்துக்கொண்டு, பனி உருகிய தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. அங்கேயே தங்கி வேலை பார்க்கும் அசரியா விறைத்துப்போன விரல்களோடு ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்தான். பதினொரு நாள் தொலைநோக்கி சும்மா கிடந்தது.

உதயா ஒரு பெட்டியோடு பட்டறைக்கு வந்தாள். "சிப்ஸ் பாக்கெட்டை மலைக்குக் கொண்டுபோனா உப்பிக்கும்ல பாய்? அதே கதைதான். அங்க வெளியில காத்து கம்மி. உள்ள இருக்குற காத்து வெளிய போகத்தான் அந்த ஓட்டை. யாரு பாய் அடைச்சது?"

"நான்தாம்மா," என்றார் ஹனீஃபா.

"வேற ஆள்கிட்ட குடுக்கலாம்னு ஆபீஸ்ல எல்லாரும் சொன்னாங்க. நான்தான் சண்டை போட்டு, இன்னொரு சான்ஸ் வாங்கிட்டு வந்திருக்கேன். இந்தத் தடவையும் சொதப்புச்சுன்னா உங்களோட சேர்த்து என்னையும் கிழிச்சிடுவாங்க."

அவள் போன பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. தன் பெயர் போனால் போகட்டும், அந்தப் பெண் பெயரும் அல்லவா சேர்ந்து போகும்! திரும்பி வந்த பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்தார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த டீ வழக்கம். அடுத்த முறை உதயா வந்தபோது, கிளாஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

புதுப் பெட்டிகளில் ஓட்டை போடும் நாள் வந்தது. முப்பத்திரண்டு வருஷம் ஓட்டையை அடைத்த கை அது. பிஸ்மில்லா சொல்லி டிரில்லை எடுப்பார், வைப்பார், திரும்ப எடுப்பார். ஆறு ஓட்டைக்கு ஒரு காலைப்பொழுது முழுக்கப் போயிற்று. அதில் மாட்ட உதயா ஒரு குட்டி மூடி கொடுத்திருந்தாள். காற்று போகும், தண்ணீர் புகாது என்றாள். "அதெப்படி போவும்?" என்று அவர் நம்பவே இல்லை. பெட்டிக்குள் நியூஸ் பேப்பர் துண்டைப் போட்டு, நாள் பூராவும் டிரம்மில் முக்கி வைத்தார். பேப்பர் மொறுமொறுவென்று வெளியே வந்தது. அப்படியும் மனசு ஆறவில்லை.

பெட்டிகள் மலைக்குக் கிளம்பி இன்றோடு பத்தொன்பது நாள். தினமும் காலையில் விசிறியால் வியர்வையை விரட்டிக்கொண்டே, "இன்னிக்கு அங்க மைனஸ் பதினெட்டு கீது" என்று நஃபீசாவுக்கு மலையின் வானிலை வாசிப்பார். போன் மணி அடித்தால் முதல் அடியிலேயே எடுப்பார். கேஸ் கம்பெனியாக இருந்தால் அவர்களுக்கு வசவு விழும்.

இன்றைக்கும் பதினொரு மணிக்கு டீ வந்தது. கிளாஸ் மூடிமேல் ஏறியது, விரல் அதைப் பிடித்துக்கொண்டது. போன் டிங் என்றது. உதயா ஒரு படம் அனுப்பியிருந்தாள். வெயிலில் கண் கூசும் பனி, வெள்ளைத் தட்டு, அதன் அடியில் அவருடைய பெட்டி. பெட்டியின் மூடிமேல் ஒரு கிளாஸ் டீ. கீழே இரண்டு வரி: "மாட்டி பத்து நாள் ஆச்சு பாய், எல்லாம் ஓடுது. அசரியா வெச்ச கிளாஸை யாரும் பிடிச்சுக்கல, பாருங்க."

ஹனீஃபா கண்ணாடியைத் தேடினார். அது நெற்றியிலேயே இருந்தது. அதை இறக்கிவிட்டு, இடது கை விரல்களைப் போன்மேல் வைத்துப் படத்தைப் பெரிதாக்கினார்.

"ஐயோ, டீ!" என்று நஃபீசா கத்தினாள். கிளாஸ் சரிந்து, டீ மூடிமேல் ஓடி, லேத் பக்கம் சொட்டிக்கொண்டிருந்தது. லேத்துக்குக் கிட்டே ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் ஊரைக் கூட்டுகிற மனிதர், தலை நிமிராமல், மலைமேல் இருந்த அந்தக் கிளாஸை இன்னும் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்.