கனிவுக்குத் தனிக் கட்டணம் இல்லை

உள்ளே யாரும் உயிரோடு இல்லை என்று தெரிந்தும் கதவைத் தட்டுகிறார். சாவி அவர் கையிலேயே இருக்கிறது. தட்டிவிட்டு, செருப்பின் மேல் நீல உறையை மாட்டியபடி, ஒரு மனிதர் எழுந்து வந்து திறக்க ஆகும் நேரம் காத்திருக்கிறார். அப்புறம்தான் பூட்டைத் திறந்து, "உள்ள வரேங்க" என்று சொல்லிக்கொண்டே நுழைகிறார். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு முதுகு சில்லிட்டது. "யாருக்கு அக்கா சொல்றீங்க?" என்றேன். "வீட்டுக்காரருக்குத்தான். செத்துப்போனா வீடும் போயிடும், சரி. மரியாதையும் போயிடணுமா?" என்றார்.

தெருவில் இவருக்குப் பினாயில் அக்கா என்று பெயர். தனியாக இருந்து செத்து, நாள் கழித்துக் கண்டுபிடிக்கப்பட்டவர்களின் அறைகளையும், சாமான் சேர்ந்து சேர்ந்து மனிதர் நடக்க வழியில்லாமல் போன வீடுகளையும் சுத்தம் செய்து கொடுப்பது தொழில். அலுவலகம் என் வீட்டுக்குப் பக்கத்துக் கட்டடத்தில். வாசல் பலகையில் 'கனிவுடன் சுத்தம் செய்து தரப்படும்' என்று எழுதியிருக்கிறது. அந்தக் 'கனிவுடன்' அக்கா பிடிவாதமாகச் சேர்த்தது. அதைப் படித்துவிட்டு ஒருவர், "கனிவு வேண்டாம், வெறும் சுத்தம் மட்டும்னா எவ்வளவு குறையும்?" என்று கேட்டாராம். "கனிவு சும்மாதான் சார். பினாயிலுக்குத்தான் காசு" என்று அனுப்பியிருக்கிறார்.

தொலைபேசியில் அழைக்கும் யாருக்கும் சொந்தமாகக் குப்பை கிடையாது. எல்லாம் சிநேகிதர் வீட்டுக் குப்பை. "என் ஃப்ரெண்டு ஒருத்தருக்காகக் கேக்கறேன்" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். அக்கா சிரிக்கமாட்டார். "சொல்லுங்க. உங்க ஃப்ரெண்டு வீட்டுல, நீங்க படுக்கிற ரூமுக்குப் போக வழி இருக்கா?" என்பார். எதிர்முனையில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்கும். பிறகு, "ஒருக்களிச்சு நடந்தா போகலாம்" என்று ஒரு சின்னக் குரல் வரும்.

வேறு எந்தத் தொழிலிலாவது திருப்தியடைந்த வாடிக்கையாளர் முதலாளியைக் கண்டதும் தெருவின் மறுபக்கத்துக்கு ஓடுவாரா? இங்கே ஓடுவார்கள். அக்காவின் தோளில் சாய்ந்து அழுத பெண்மணி ஒருவர், மருந்துக் கடையில் அக்கா எதிரிலேயே என்னிடம், "இவங்க யாரு, உங்க சொந்தமா?" என்று கேட்டார். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா அந்தப் பெண்மணியைப் புதிதாகப் பார்ப்பதுபோல் வணக்கம் சொன்னார்.

வண்டியில் தொழிலின் பெயர் கிடையாது. 'வீட்டு உள் அலங்காரம்' என்று போட்டிருக்கும். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தால் பெயிண்ட் வேலை என்று சொல்லிவிடலாம். வண்டி ஓட்டுவது அக்காவின் கொழுந்தன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் இந்த வேலை அவர் தலையில்தான் விழும். வண்டியில் எழுதியிருப்பதை நம்பி வருகிறவர்களுக்குத் திரைச்சீலை நிறம் பற்றி யோசனை சொல்லிச் சொல்லி, இப்போது அவருக்கு அதில் உண்மையிலேயே அபிப்பிராயங்கள் வந்துவிட்டன. வயிறுதான் பலவீனம். வருஷக்கணக்காக இதே தொழில், வருஷக்கணக்காகக் குமட்டல். வேலை முடிந்த கையோடு அக்கா வண்டியில் உட்கார்ந்து பன்னைப் பிய்த்து டீயில் தோய்ப்பார். "எப்படி அண்ணி உங்களால சாப்பிட முடியுது?" என்பார் இவர். "வாயாலதான்டா" என்பார் அக்கா.

இரத்தம், புழு, எதற்கும் அஞ்சாத அக்கா பல்லியைக் கண்டால் ஸ்டூல் மேல் ஏறி நின்று அலறுவார். வீட்டில் பாத்திரம் தேய்ப்பதும் பிடிக்காது. "ஊரார் வீட்டுக்கெல்லாம் கனிவு, நம்ம வீட்டு அடுப்படிக்கு மட்டும் கிடையாது" என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்காரர்தான் தேய்க்கிறார்.

வேலையாட்களுக்கு அக்கா கற்றுத்தரும் முதல் பாடம் புருவம். "மாஸ்க் மூக்கைத்தான் மறைக்கும். புருவம் தூக்குனா அவங்களுக்குத் தெரிஞ்சிடும். தூக்கக் கூடாது." புருவம் தூக்கினதற்காகவே ஒரு கெட்டிக்காரப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்.

இரண்டாவது பாடம் ஒரு கேள்வி. எந்தப் பொருளை எடுத்தாலும் அதன் சொந்தக்காரரிடம் காட்டி, "வச்சுக்கலாமா, விட்டுடலாமா?" என்று கேட்க வேண்டும். பதிலை நாம் சொல்லக் கூடாது. தலையாட்டிக்கூடத் தூண்டக் கூடாது. "நான் முடிவு பண்ணிக் காலி பண்ணுன வீடெல்லாம் ரெண்டே மாசத்துல பழையபடி ஆயிடுச்சு. அவங்க வாயால வரணும்" என்பார்.

போன மாதம் ஒரு நாள் அக்கா என் வீட்டுக்கே ஓடி வந்தார். "எழுத்தாளரம்மா, ஒரு அதிசயம் கேளுங்க. ஒரு அம்மா போன் பண்ணி, 'எனக்காகத்தான் கேக்கறேன்'னு சொன்னாங்க!" அந்த அதிசயத்தைப் பார்க்க நானும் அவர்களுடைய வெள்ளைப் பாதுகாப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் நாலாம் மாடி. ஓய்வுபெற்ற தட்டச்சர், கணவர் இல்லை, பிள்ளையும் இல்லை. வாடகை வீடு. அவர் வீட்டிலிருந்து துர்நாற்றம் வருகிறது, எங்கும் சாமான் அடைசல் என்று குடியிருப்போர் சங்கம் கையெழுத்து வாங்கி வீட்டு உரிமையாளருக்கு அனுப்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உரிமையாளர் நேரில் வருகிறார். வீடு அப்படியே இருந்தால் அம்மா காலி செய்ய வேண்டியதுதான். போக்கிடம் என்று பார்த்தால் தங்கை மகன் வீடு ஒன்றே. "எங்க பால்கனி பெருசுதான் பெரியம்மா" என்று அவன் பெரிய மனதோடு சொல்லியிருக்கிறான்.

வீட்டுக்குள் வாசலிலிருந்து அடுப்பு வரை ஒரு ஒற்றையடிப் பாதை. இருபுறமும் கூரை முட்டச் சாமான். நாற்றம் பின்னறையிலிருந்து வந்தது. அக்கா புருவத்தை இறக்கிக்கொண்டு, முதலில் கைக்கு எட்டிய உடற்பயிற்சி சைக்கிளைத் தொட்டார்.

"இது, வச்சுக்கலாமா, விட்டுடலாமா?"

"அது என்னுது இல்லையேம்மா. சங்கச் செயலாளருது. ரெண்டு நாள் வச்சுக்கச் சொன்னார்."

"எப்பங்க?"

"அப்ப அவர் பொண்ணு பள்ளிக்கூடம் போயிட்டிருந்தா. இப்ப அவளுக்கே குழந்தை பொறந்து நடக்குது. அந்தக் குழந்தையோட தொட்டில்தான் அதோ இருக்கு."

அக்கா தொட்டிலைப் பார்த்தார். அதற்குப் பின்னால் இருந்த மீன்தொட்டியைப் பார்த்தார். அது இரண்டாம் மாடி டாக்டருடையதாம். மீன்கள் செத்துவிட்டனவாம், தொட்டியை மட்டும் ரெண்டு நாள். மேலே இருந்த கல்யாண ஆல்பம் மூன்றாம் மாடிப் பையனுடையது. "விவாகரத்து ஆயிடுச்சு, பாவம். அவங்கம்மாவுக்குக் கிழிக்கவும் மனசு வரல. வீட்டுல இருந்தா புது மருமக பாத்துடுவா. அதான் இங்க." சூட்கேஸ்கள், நடைவண்டி, செத்துப்போன மாமனாரின் சாய்வு நாற்காலி, எல்லாமே ரெண்டு நாள், ரெண்டு நாள் என்று வந்தவை. ஒரு கட்டடமே தனக்கு வேண்டாததையும் விட முடியாததையும் இந்த ஒருத்தி வீட்டில் கொட்டிவிட்டு, அப்புறம் மூக்கைப் பொத்திக்கொண்டு கையெழுத்தும் போட்டிருக்கிறது.

"அப்ப உங்களுது எதும்மா?" என்றார் அக்கா.

அம்மா சுற்றுமுற்றும் தேடினார். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு இரும்புப் பெட்டி, ஒரு நாற்காலி. நாற்காலியைக் காட்டும்போது கொஞ்சம் சந்தேகமாகத்தான் காட்டினார்.

"அண்ணி, லாரிக்குச் சொல்லட்டுமா?" என்றார் கொழுந்தன்.

"எதுக்குடா? லிஃப்ட் போதும்."

நான் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாகப் பாரம் தூக்கியதில்லை. முதல் மணியைச் செயலாளர் வீட்டில் அடித்தோம். வெள்ளை உடுப்பில் மூன்று பேரையும் சைக்கிளையும் பார்த்து அவர் பின்வாங்கினார். அக்கா பணிவாகக் கேட்டார்: "உங்க சைக்கிள் சார். வச்சுக்கலாமா, விட்டுடலாமா?"

"அது அங்கயே இருக்கட்டுமே! யாருக்கு என்ன தொந்தரவு?"

"அங்க சாமான் ஜாஸ்தின்னு நீங்கதானே சார் கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

செயலாளர் சைக்கிளை உள்ளே இழுத்துக்கொண்டார். டாக்டர் மீன்தொட்டியை அடையாளமே தெரியவில்லை என்றார், அவர் மகள் உள்ளிருந்து, "அப்பா, நம்ம தொட்டி!" என்று கத்திக் குட்டை உடைத்தாள். மதியத்துக்குள் கட்டடம் முழுக்கக் கதவுகள் சாத்திக்கொள்ளும் சத்தம். மணி அடித்தால் ஆள் இல்லாததுபோல் நடித்தார்கள். அக்காவுக்கா பொறுமை கற்றுத்தர வேண்டும்? பிணம் எழுந்து வந்து திறக்கக் காத்திருப்பவர். வாசலிலேயே நின்றார்.

மூன்றாம் மாடியில் மட்டும் கேள்வியைக் கேட்கவில்லை. "உங்க பொருள்ம்மா" என்று ஆல்பத்தைக் கொடுத்தார். அந்தத் தாய் அதை மார்போடு அணைத்தபடி கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் படியிறங்கப் போகையில் கதவு திறந்தது. "விட்டுடுங்க" என்று நீட்டினார். முகம் கலங்கியிருந்தது. அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நாற்றத்தின் மூலம் பின்னறையில் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ். சங்கத் தலைவர் குடும்பத்தோடு வெளியூர் போகும்போது, உள்ளே இருந்த பண்டங்களோடு கொடுத்துவிட்டுப் போனாராம். திரும்பி வந்ததும் புதிது வாங்கிவிட்டார், பழையதை மறந்தேபோனார். எப்போதோ மின்சாரம் போயிருக்கிறது. அம்மா ஒருநாளும் திறக்கவில்லை. "அடுத்தவங்க பொருளைத் திறக்கலாமா?" என்றார். அக்கா திறந்தார். கொழுந்தன் படிக்கட்டுப் பக்கம் ஓடினார். உள்ளே இருந்ததை நான் எழுதப் போவதில்லை.

தலைவர் வீட்டு வாசலில் அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சார், நாத்தம் கிடைச்சுடுச்சு. உங்களுதுதான்."

தலைவர் பேயறைந்ததுபோல் நின்றார். "அதுல... என்ன இருந்தது?"

"நீங்க வச்சதுதான் சார். இப்ப அடையாளம் சொல்ல முடியாது. வச்சுக்கலாமா, விட்டுடலாமா?"

"ஐயோ, விட்டுடுங்க! எதிர் வீட்டுக்குத் தெரிய வேணாம்."

"தெரியாது சார். குழாய் அடைப்புன்னு சொல்லிக்கலாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. லிஃப்ட்டில் அக்காவைப் பிடித்து உலுக்கிவிட்டேன். "அந்த மனுஷனைக் கூட்டத்துல வச்சு நாறடிக்க வேணாமா? அவருக்குப் போய் என்ன கனிவு?" அக்கா கையுறையைக் கழற்றியபடி, "அவரும் நம்ம கஸ்டமர்தானே" என்றார். சனிக்கிழமை காலையில் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருந்தது: 'துர்நாற்றத்துக்குக் காரணம் குழாய் அடைப்பு. சங்கத்தின் துரித நடவடிக்கையால் சரிசெய்யப்பட்டது.'

அன்று சாயங்காலம் வீடு காலியானது. நடுவில் நின்று அம்மா பேசியபோது குரல் சுவரில் மோதித் திரும்பியது. அதைக் கேட்டதும் அழுதுவிட்டார். "சாமான் வாங்க எல்லாரும் திரும்பி வருவாங்கன்னு நெனச்சேன்ம்மா. வந்தா உக்கார வச்சு ஒரு டீ போட்டுக் குடுக்கலாம்னு."

பினாயில் அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்தார். அப்படியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "சரி, எங்களுக்குப் போடுங்க. இவனுக்குச் சர்க்கரை கொஞ்சம் தூக்கலா" என்றார். மூன்று பேரும் உட்கார்ந்து குடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை உரிமையாளர் வந்தார். அறை அறையாக நடந்தார். "என் வீடு இவ்வளவு பெருசா!" என்று வியந்தார். "நீங்க பாட்டுக்கு இருங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தலைவரோடு கீழே போனார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்திருந்தது. அக்கா கடைசியாக ஒரு தரம் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது. வாசலில் தலைவரின் மனைவி, தோளில் சுருட்டிய கம்பளத்தோடு.

"புதுசு வாங்கிட்டோம். இதைத் தூக்கிப் போட மனசு வரல. ரெண்டே நாள். இப்பத்தான் உங்க வீட்டுல தாராளமா இடம் இருக்கே!"

அம்மாவின் இரண்டு கைகளும் தாமாக நீண்டன. வாயில் 'அதுக்கென்ன' என்ற சொல் பாதி வந்துவிட்டது. நான் அக்காவைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமையில்லை. அவரே போட்ட சட்டம். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எழுந்தார். அழுக்குத் தண்ணீர் வாளியைத் தூக்கி, நீண்டிருந்த அந்தக் கைகளில் வைத்தார்.

"கொஞ்சம் பிடிங்கம்மா."

அம்மா வாளியைப் பார்த்தார். கம்பளத்தைப் பார்த்தார். "கை ஒழியலையே" என்றார். தலைவரின் மனைவிக்குக் காதில் விழவில்லை போலிருக்கிறது. அம்மா வாளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தரம் சத்தமாகவே சொன்னார்.

கம்பளம் லிஃப்ட்டுக்குள் போய், கதவு மூடி, கீழே இறங்கும் சத்தம் ஓயும் வரைக்கும் அக்கா அந்த வாளியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.