அப்பாவுக்கு வராத இருமல்

ஆரணியில் பள்ளிக்கூட எழுத்தராக வேலை பார்த்த சிவப்பிரகாசம் எழுதியது ஒரே ஒரு நாவல்தான். இருமி இருமித் தறிக்குழியிலேயே சாய்ந்துபோன ஒரு நெசவாளியின் கதை. அது நடந்தது பக்கத்து வீட்டுப் பூங்காவனத்தின் புருஷனுக்கு. அவள் பட்டு நெய்துகொண்டே சொல்ல, ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதினார்.

2001-இல் நாவலுக்குப் பரிசு கிடைத்ததும் சென்னையிலிருந்து டிவிக்காரர்கள் பேட்டிக்குக் கூப்பிட்டார்கள். முகத்துக்குப் பவுடர் போட்டு, விளக்கு வெளிச்சத்தில் உட்காரவைத்து, "இவ்ளோ நிஜமா எப்படி எழுதினீங்க சார்?" என்று கேட்டாள் பேட்டி எடுத்த பெண்.

"செத்தது எங்கப்பாதாம்மா."

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் நிறுத்தவும் முடியவில்லை. அப்பா எப்படி இருமினார் என்று இருமியே காட்டினார். அவருடைய அப்பா அரிசி மண்டியில் கணக்கெழுதி, எண்பது வயதுவரை திடமாக வாழ்ந்து, தூக்கத்தில் போனவர்.

தெருவே அதை டிவியில் பார்த்தது. ஒரு வாரம் சுற்றுவழியில் பள்ளிக்கூடம் போய்வந்தார். எட்டாம் நாள் மனசு கேட்காமல் பூங்காவனத்தின் வீட்டுக்குள் போய் நின்றார்.

"தப்பு பண்ணிட்டேன்க்கா."

அவள் தறியை நிறுத்தவில்லை. "எழுதனத ஒண்ணும் சொல்லல தம்பி. நான்தானே சொன்னேன். அந்த இருமல எதுக்கு இருமிக் காட்டின? பதினோரு மாசம் பக்கத்துல படுத்துகினு கேட்டவ நான்."

அடுத்த மாதம் ஒரு பத்திரிகையிலிருந்து தனசேகரன் என்ற நிருபர் வந்தார். சிவப்பிரகாசம் முந்திக்கொண்டு உண்மையைச் சொன்னார். "டிவில சொன்னது பொய்ங்க. எல்லாம் பூங்காவனம் அக்கா சொன்ன கதை. அவசியம் போடுங்க."

பத்திரிகையில் பொய் என்ற சொல்லே இல்லை. பெருமையெல்லாம் பக்கத்து வீட்டுப் பூங்காவனத்துக்கே என்கிறார், எவ்வளவு அடக்கம் என்று எழுதியிருந்தார்கள். கூசிக்கொண்டே அதை அவளிடம் படித்துக் காட்டினார்.

"என் பேரு கீது. செத்தவர் பேரு எங்க?" என்றாள் அவள்.

அவர் நிருபரிடம் அதைச் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

அடுத்த பதிப்பின் முதல் பக்கத்தில் 'லோகநாதன்' என்று போட்டார். பிறகு பேட்டிக்கு யார் வந்தாலும் முதலில் அந்தப் பெயரைத்தான் சொன்னார். சொல்லும்போது மட்டும் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கமாட்டார்.