அம்மா சோற்றை நிறுத்திய வாரம்

என் மாமாவின் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது அம்மா சோற்றை நிறுத்தினாள். அப்போது எனக்கு எட்டு வயது. ராஜா அண்ணாமலைபுரத்தில் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். அப்பா காலையில் தி.நகர் ஜவுளிக்கடைக்குப் போனால் இரவுதான் வருவார். அம்மாவுக்கு நெடுநாளாகச் சர்க்கரை. தினமும் இன்சுலின் போட்டுக்கொள்வாள். கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கை கையில் ஏறவில்லை. அரிசிதான் விஷம் என்று யாரோ செல்போனில் ஒரு வீடியோ வேறு அனுப்பியிருந்தார்கள். இட்லி போயிற்று, சோறு போயிற்று. ஊசி மட்டும் அதே அளவில் தொடர்ந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கீழே விளையாடிவிட்டு ஏறி வந்தேன். அம்மா சமையலறைத் தரையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காம்பில் ஒரு இலைகூட மிச்சமில்லை. இல்லாத இலைகளை விரல்கள் உருவிக்கொண்டே இருந்தன. மின்விசிறி சுற்றியும் சேலை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது.

"அம்மா, பசிக்குது."

நிமிர்ந்தாள். விருந்தாளியைப் பார்த்துச் சிரிப்பதுபோல் சிரித்தாள்.

"யாரு பிள்ள நீ? ஒங்கம்மா தேடுவா, வீட்டுக்குப் போ."

விளையாட்டு என்று நானும் சிரித்தேன். நான் நிறுத்திய பிறகும் அவள் நிறுத்தவில்லை. அதே மூக்குத்தி, அதே கண்கள். உள்ளேயிருந்து பார்த்தது மட்டும் வேறு யாரோ. பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்து, படியில் ஓடினேன்.

தெருவில் துணி தேய்க்கும் அக்கா பெட்டியை அப்படியே வைத்துவிட்டு மேலே வந்தாள். அம்மாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"பயப்படாத கண்ணு. சக்கர எறங்கிக்கீது. எங்க ஊட்டுக்காரருக்கும் இப்டித்தான் வரும். சக்கர டப்பா எங்க கீது?"

வாசற்படிக்கு வெளியே நின்றே கை காட்டினேன். அக்கா சர்க்கரை கரைத்து நீட்டிய முதல் டம்ளரை அம்மா தட்டிவிட்டாள். இரண்டாவதை அக்கா தாடையைப் பிடித்து வாய் வாயாகக் குடிக்க வைத்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். நான் உள்ளே போகவில்லை.

கால் மணி நேரம் கழித்து, "தரையெல்லாம் ஏன் ஈரமா இருக்கு?" என்று பழைய குரல் கேட்டது. நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை.

அன்று மாலை டாக்டர் திட்டித் தீர்த்தார். புரதம் உடம்பைக் கட்டும், கொழுப்பு சேமிப்பாகக் கிடக்கும், அன்றாடம் ஓட வைப்பது மாவுச்சத்துதான் என்றார். அது சர்க்கரையாக மாறி ரத்தத்தில் போய்த்தான் மூளை வேலை செய்கிறதாம். ஊசியைப் போட்டுவிட்டுச் சோற்றை நிறுத்தினால் மூளை பட்டினி கிடக்காமல் என்ன செய்யும் என்று கேட்டார். அளவாகச் சாப்பிடுங்கள், என்னைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள் என்றார். நான் தலையாட்டினேன். சர்க்கரைத் தண்ணீர் குடித்ததும் வெளியே போனது யார், அது இப்போது எங்கே இருக்கிறது என்பதுதான் என் கவலை.

அதற்குப் பிறகு பல மாதங்கள், பள்ளிவிட்டு வந்ததும் செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்று, "நான் யாரு?" என்று கேட்பேன். அம்மா என் முழுப் பெயரையும் வகுப்பையும் பிறந்தநாளையும் நிதானமாகச் சொல்வாள். அதன் பிறகுதான் உள்ளே போவேன். சில நாள் கேட்க மறந்தால், அவளே வழியை மறித்து நின்று, "இன்னைக்குக் கேக்கலையே?" என்பாள். என் பயத்துக்காகத்தான் அப்படிச் செய்கிறாள் என்று நினைத்திருந்தேன். பதில் தனக்குத் தெரிகிறதா என்று அவளும் தினமும் பார்த்துக்கொண்டிருந்தது அப்போது எனக்குப் புரியவில்லை.