பரவைக்காரிக்குப் பெயர் வந்த நாள்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். வாடிப்பட்டியில் ஒரு வீட்டுக்கு நான் மூத்த மருமகள். கொழுந்தனுக்குப் பரவையில் பெண்ணெடுத்து வருஷம் திரும்பவில்லை. கலகலவென்று வந்த பெண், சோறு இறங்காமல், தலை வாராமல், சுவரைப் பார்த்தே உட்கார்ந்துவிட்டாள். கேட்டால், "ஒண்ணுமில்லக்கா" என்பாள்.

"பரவைக்காரிக்குப் பேய்தேன் புடிச்சிருக்கு. வெள்ளிக்கிழமை கோடாங்கி வாரான்" என்றார் மாமியார்.

கோடாங்கி உடுக்கையடித்துப் பேயோட்டுவதோடு விடுகிற ஆளா? வேப்பங்குச்சியால் விளாசிவிடுவார். இந்த உடம்பு தாங்குமா என்று எனக்குப் பதற்றம். அவருக்குக் கொடுக்கக் கருஞ்சேவல் வாங்க, அவளையும் கூட்டிக்கொண்டு பரவைச் சந்தைக்குப் போனேன்.

சேவலோடு திரும்புகிறேன், கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல். "ஏய் மீனாட்சீ! கல்யாணம் கட்டுனதும் கண்ணு தெரியலயாடி?"

கீரை விற்றுக்கொண்டிருந்த அவளுடைய சிறுவயதுத் தோழி! நம்பமாட்டீர்கள், செத்துக் கிடந்த முகம் குப்பென்று மலர்ந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுகிறாள், சிரிக்கிறாள்.

எனக்குப் பொறி தட்டியது. என் மாமியார் பெயரும் மீனாட்சிதான். மாமியார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது. பெற்றவள் பெயரைச் சொல்லிப் பெண்டாட்டியைக் கூப்பிட மகனுக்கும் நா எழாது. அதனால் வீடு முழுக்க அவள் 'பரவைக்காரி'.

வண்டியில் வரும்போது அவளே வாய் திறந்தாள். "அங்ஙன இருக்கது நாந்தானான்னே சந்தேகம் வந்துருச்சுக்கா."

வீட்டில் இறங்கி அவள் உள்ளே போனதும் கொட்டிவிட்டேன். "அத்தே, பேயுமில்ல, பிசாசுமில்ல. அவ பேரை யாரும் கூப்புடல, அம்புட்டுத்தேன்!"

மாமியார் முறைத்தார். "என் பேரை மட்டும் இங்க யாருடி கூப்புட்டா? வந்த நாள்லருந்து நான் சோழவந்தான்காரிதானே..."

தான் சொன்னது அவருக்கே உறைத்தது. பிறகு உள்ளே பார்த்து, கூச்சத்தோடு, "ஏத்தா... மீனாட்சி" என்றார்.

"கேக்கல அத்தே!" என்றேன் நான்.

"அடி வாயாடி! ஏத்தா மீனாட்சீ, வந்து சோறு தின்னு!"

மறுநாளே எல்லாம் சரியாகிவிடவில்லை. அந்தச் சோர்வு விலக மாதங்கள் ஆயின. ஆனால் கோடாங்கி வரவில்லை. சேவல் அவள் கையாலேயே குழம்பானது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்! இன்றும் ஒரு வீட்டில் யாரோ காரணமில்லாமல் வாடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அங்கே அவர்களை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?