ஆத்தாவுக்கு வருஷா வருஷம் கல்யாணம்

கோயில் திருவிழாவை எங்கள் பக்கம் நோம்பி என்போம். நோம்பி சாட்டிவிட்டால் எனக்குக் கால் தரையில் நிற்காது. துடியலூர்ப் பக்கம் எங்கள் மாரியம்மன் கோயிலில் மூன்று கவட்டை உள்ள வேப்பங்கொம்பை வெட்டி வந்து, மஞ்சள் பூசி, வாசலில் நடுவார்கள். கம்பம் என்பது அதுதான். அது வெறும் மரமில்லை, ஆத்தாவின் புருஷன். அன்றைக்கு ஆத்தாவுக்குக் கல்யாணம். நோம்பி முடியும்வரை காலையில் பெண்கள் குடம் குடமாகக் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். சாயங்காலமானால் மேளத்துக்கு ஊரே அதைச் சுற்றி ஆடும்.

அந்த வருஷம் நோம்பி தொடங்கியும் நான் குடத்தைத் தொடாமலே இருந்தேன். என் கணவர் பைக் விபத்தில் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. யாரும் என்னைத் தடுக்கவில்லை, நானேதான் தள்ளி நின்றேன். இன்னொரு காரணமும் உண்டு. நான் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனிக்கு அடுத்த சந்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர், அவரும் மனைவியை இழந்தவர், என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தார். எனக்கும் பிடித்திருந்தது. அதுதான் பயமே. வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் இதை எந்த முகத்தோடு சொல்வது? நோம்பிக்குள் பதில் சொல்கிறேன் என்று பட்டறைக்காரரிடம் இழுத்தடித்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் ஊற்றியதும் எங்கள் ஊர்ப் பெண்கள் பந்தலில் உட்கார்ந்து ஆத்தா கதை பேசுவார்கள். குடிகாரப் புருஷனோடு மல்லுக்கட்டுகிறவள் வந்தால், ஆத்தா தன் புருஷனை வாங்கு வாங்கென்று வாங்கிய இடம் நீளும். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால், அம்மை முத்தை இறக்கிக் கொடுத்த இடம். கதை ஒன்றுதான், ஆளுக்குத் தகுந்தபடி வளரும். எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் அழுதுகொண்டு வந்தவள் நிமிர்ந்து நடந்து போவதையும் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் காலை இட்லி மாவு விற்கும் அக்கா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். வாய் என்றால் அப்படி ஒரு வாய் அவருக்கு.

"ஏனம்மிணி, கடைசி நாளு இந்தக் கம்பத்த என்ன பண்ணுவாங்க?"

"புடுங்கிக் கெணத்துல போடுவாங்கக்கா."

"அப்ப ஆத்தா?"

"தாலி அறுத்துருவாங்க."

"அடுத்த வருசம்?"

"மறுபடியும் கம்பம் நடுவாங்க."

"கெணத்துல போட்டதையேவா எடுத்து நடறாங்க? வேற மரமல்லோ வெட்டியாறாங்க. ஆத்தாளே கட்டிக்கறா, ஊரே மேளமடிச்சுக் கட்டி வெக்குது. உனக்கென்னம்மிணி?"

பந்தலே சிரித்தது. சின்ன வயதிலிருந்து பார்க்கிற கம்பம். இப்படி ஒருநாளும் யோசித்ததில்லை. ஆனால் முதலில் வந்தது கோபம்தான்.

"என்ர விசயம் உங்களுக்கு யாரு சொன்னாங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

அக்கா குரலைத் தாழ்த்தினார். "உன்ர மாமியாதான். நீ போன்ல பேசறது அவியளுக்குக் கேக்காதா? 'எனக்கு வாயில வரமாட்டேங்குது, ஆத்தா கதையா நீ சொல்லிப்போடு'ன்னாங்க."

யாருடைய குடம் என்றுகூடப் பார்க்காமல் எடுத்துக் கம்பத்தின் தலையோடு ஊற்றினேன். பாதித் தண்ணீர் என் மேலேயே கொட்டியது. சொட்டச் சொட்ட வீட்டுக்கு ஓடினேன். அவ்வளவு சந்தோஷம், அவ்வளவு அழுகை, இரண்டும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

மாமியார் அடுக்களையில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, அடுத்த ஞாயித்துக்கெழம அவரு நம்ம ஊட்டுக்கு வாராருங்க."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கை மட்டும் நின்றது.

"அதுக்குள்ள நோம்பி முடிஞ்சுரும். கறி எடுத்துப்போடலாம்," என்றார். அடுத்த காயைக் கையில் எடுத்துக்கொண்டு, "என்ர பையனுக்குக் காரமே ஆவாது. அவருக்கு எப்படின்னு கேட்டுச் சொல்லு கண்ணு."